மருந்தை மறுக்கும் ரத்தம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 17-ஆம் தேதி உலக ஹீமோபீலியா தினம் அனுசரிக்கப்படுகிறது. அதையொட்டித் தலைநகரில் நடைபெறும் கூட்டங்களிலும், நாடாளுமன்றத்தில் அவ்வப்போது எழுப்பப்படும் கேள்விகளிலும் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் பேசப்படுகிறது. ரத்தம் உறையாத குழந்தைகளுக்கு மருந்து கிடைக்கிறதா, இல்லையா என்பதே அது. நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு அடுத்த கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. கிடைத்த மருந்து சில குழந்தைகளின் உடலில் ஏன் வேலை செய்யாமல் போகிறது? அது அந்தக் குழந்தையின் விதியா அல்லது மருந்தைத் தரும் முறையிலேயே கோளாறு இருக்கிறதா?

கடந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான விடையைத் தந்துள்ளன. பாதி பிறவியோடு வருவது. மீதி சிகிச்சையோடு வருவது. முதல் பாதியை மாற்ற இயலாது. இரண்டாவது பாதியை மாற்ற இயலும். அதை மாற்ற வேண்டிய பொறுப்பு மருத்துவர்களுடையது மட்டுமல்ல, அரசுகளுடையதும்கூட.

ஹீமோபீலியா என்பது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருக்கும் நிலை. எட்டாம் காரணி குறைந்திருந்தால் "ஏ' வகை, ஒன்பதாம் காரணி குறைந்திருந்தால் "பி' வகை. தாய்வழியில் கடத்தப்படும் இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. எனினும், பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திருக்காது. காரணியின் அளவு இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது கடுமையான வகை எனப்படுகிறது. அத்தகைய குழந்தை தவழவும் நடக்கவும் தொடங்கும்போதே மூட்டுகளுக்குள் ரத்தக் கசிவும் தொடங்கிவிடும். முழங்கால், கணுக்கால், முழங்கை என மீண்டும் மீண்டும் கசிந்து, பள்ளிப் பருவம் முடிவதற்குள் மூட்டுகள் இறுகிப் போகும். மூளையில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

குறைந்திருக்கும் காரணியை நரம்பு வழியாகச் செலுத்துவதே இதற்கான வழக்கமான சிகிச்சை. சிக்கல் இங்குதான் எழுகிறது. பிறந்தது முதல் எட்டாம் காரணியையே அறியாத உடல், அதை அந்நியப் பொருளாகக் கருதி, அதற்கு எதிரான புரதத்தை உற்பத்தி செய்யக் கூடும். இதையே "இன்ஹிபிட்டர்' என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர், தமிழில் "தடுப்பான்' எனலாம். தடுப்பான் உருவாகிவிட்டால் செலுத்தப்படும் மருந்து சில நிமிடங்களிலேயே செயலிழந்துவிடும். கசிவு நிற்காது. எத்தனை குப்பி செலுத்தினாலும் பயனில்லை.

கடுமையான "ஏ' வகைக் குழந்தைகளில் 10 பேரில் சுமார் 3 பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது. "பி' வகையில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால், "பி' வகையில் தடுப்பான் உருவாகும் குழந்தைக்கு மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் ஆபத்தும் உண்டு. மருந்து செலுத்தப்படும் முதல் 20 நாள்களுக்குள்தான் பெரும்பாலான தடுப்பான்கள் தோன்றுகின்றன. இவை தொடர்ச்சியான நாள்களாக இருக்க வேண்டியதில்லை. மருந்து உடலுக்குள் சென்ற நாள்களே கணக்கு. 50 நாள்களைக் கடந்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அதாவது, அந்தக் குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும் காலம் மிகக் குறுகியது.

மாற்ற முடியாதவை எவை?

முதலாவது, மரபணுவில் உள்ள பிழையின் தன்மை. எட்டாம் காரணிக்கான மரபணுவின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தால், உடல் அந்தப் புரதத்தைச் சிறிதளவுகூடக் கண்டிருக்காது. அத்தகையோருக்கே ஆபத்து மிக அதிகம். கடுமையான "ஏ' வகையினரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படும் மரபணுத் தலைகீழ் மாற்றம் நடுத்தர ஆபத்தை உண்டாக்குகிறது. ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் பிழைகளில் ஆபத்து குறைவு.

இரண்டாவது, குடும்ப வரலாறு. உறவினருக்குத் தடுப்பான் இருந்தால், குழந்தைக்கு அது உருவாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று ஸ்வீடனின் மால்மோ நகரிலிருந்து நடத்தப்பட்ட பன்னாட்டுச் சகோதரர் ஆய்வு கண்டறிந்தது. மூன்றாவது, இனம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஆபத்து கூடுதல். நான்காவது, நோய் எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தும் மரபணுக்களில் உள்ள வேறுபாடுகள்.

இவற்றில் எதையும் மாற்ற முடியாது. ஆனால், முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். எந்தக் குழந்தையை மிகுந்த எச்சரிக்கையோடு கவனிக்க வேண்டும் என்பதை ஒரு மரபணுப் பரிசோதனையும், தாயிடம் கேட்கும் இரண்டு கேள்விகளும் சொல்லிவிடும்.

மாற்றக் கூடியவை எவை?

ஐரோப்பிய மருத்துவமனைகளை மையமாகக் கொண்டு 366 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான "கேனல்' ஆய்வு ஒரு முக்கிய உண்மையை வெளிப்படுத்தியது. முதன்முறையாக மருந்து செலுத்தும்போதே, அறுவைச் சிகிச்சைக்காகவோ பெரும் கசிவுக்காகவோ தொடர்ந்து 5 நாள்களுக்கு மேல் செலுத்த நேர்ந்த குழந்தைகளிடம் தடுப்பான் அதிகம் தோன்றியது. மாறாக, கசிவு ஏற்படும் வரை காத்திராமல், முறையான இடைவெளியில் தடுப்புமுறையாக மருந்து பெற்ற குழந்தைகளிடம் ஆபத்து 60 சதவீதம் குறைவாக இருந்தது. மிக இளம் வயதில் மருந்தைத் தொடங்குவதே ஆபத்து என்று அதுவரை நிலவிய அச்சமும் இதில் தெளிவடைந்தது. வயதைக் காட்டிலும், எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு வேகமாகச் செலுத்தப்படுகிறது என்பதே முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இதற்கு மருத்துவர்கள் தரும் விளக்கம் எளிது. காயம், வீக்கம், கிருமித் தொற்று ஆகியவற்றால் உடல் ஏற்கெனவே போர்க்கோலம் பூண்டிருக்கும் நேரத்தில் அறிமுகமாகும் புதிய புரதத்தை அது எதிரியாகவே பார்க்கும். அமைதியான நேரத்தில், சிறு அளவில் அறிமுகமானால் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இந்தக் கருத்து முழுமையாக நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும், கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் இத்திசையையே சுட்டுகின்றன.

அடுத்தது, மருந்தின் வகை. ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் காரணி, மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவாக்கப்படும் காரணி என இரண்டு உண்டு. 574 குழந்தைகளைக் கொண்ட "ரோடின்' ஆய்வு 2013-இல் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஆனால், இத்தாலியின் ஃப்ளோரா பெய்வாண்டி தலைமையில் 14 நாடுகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான "சிப்பெட்' ஆய்வு வேறு முடிவைத் தந்தது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 251 குழந்தைகளில், பிளாஸ்மா மருந்து பெற்றோரில் 26.8 சதவீதத்தினருக்கும், மரபணுத் தொழில்நுட்ப மருந்து பெற்றோரில் 44.5 சதவீதத்தினருக்கும் தடுப்பான் உருவானது.

இந்த 14 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதுவரை உறைகாரணி மருந்தே பெற்றிராத, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆய்வுக்குத் தேவைப்பட்டனர். செல்வ நாடுகளில் அத்தகைய குழந்தைகளைக் காண்பது அரிது. நம் நாட்டிலோ அவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. உலகுக்குப் பயன்பட்ட அந்த முடிவு, அதற்கு உதவிய குழந்தைகளின் நாட்டில் எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்துள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

பிளாஸ்மா மருந்தையே எல்லோருக்கும் தந்துவிடலாம் என்று அவசரப்பட்டு முடிவெடுக்கவும் முடியாது. 1970, 80-களில் கிருமி நீக்கப்படாத பிளாஸ்மா மருந்துகளால் எச்ஐவி, கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கு ஆளான ஹீமோபீலியா நோயாளிகள் உலகெங்கும் பல்லாயிரம் பேர். பிரிட்டனில் அந்தப் பேரவலம் குறித்த விசாரணை அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளியானது. கிருமி நீக்கும் முறைகள் வந்த பிறகு இந்த மருந்துகளின் பாதுகாப்பு பெரிதும் மேம்பட்டுவிட்டது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் ஆராய்ந்து தேர்வு செய்ய வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் அந்த மாதம் எது மலிவாகக் கிடைத்ததோ, அது தேர்வு செய்வதாக இருக்கக் கூடாது.

இந்தியாவின் நிலை

மும்பையில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம், பல மாநிலங்களைச் சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்ட "ஏ' வகையினரைப் பரிசோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. தடுப்பான் இருந்தவர்கள் சுமார் 6 சதவீதம் மட்டுமே. மேலைநாடுகளின் 30 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது ஆறுதல் தரும் எண்ணாகத் தோன்றும். ஆனால், இரண்டு எண்களும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. கடுமையான வகைக் குழந்தைகளைத் தொடக்கம் முதல் தொடர்ந்து கண்காணித்துக் கிடைத்தது 30 சதவீதம். ஒரு குறிப்பிட்ட காலத்தில் உயிருடன் இருப்போரைச் சோதித்துக் கிடைத்தது 6 சதவீதம். போதிய மருந்தே பெறாதவரின் உடலில் தடுப்பான் தோன்றியிருக்காது. தோன்றிச் சிகிச்சையின்றி இறந்தவர் கணக்கில் வந்திருக்க மாட்டார். ஆகவே, குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதி அடைவதற்கில்லை. மருந்து விநியோகம் பெருகப் பெருக, தடுப்பானும் பெருகும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

இதை ஒரு மக்களவைத் தொகுதியின் அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். ஹைதராபாதின் வடமேற்கில் உள்ள குகட்பள்ளி, மால்காஜ்கிரி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட, நாட்டின் மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று அது. ஒரு லட்சம் ஆண்களில் 17 பேருக்கு "ஏ' வகை ஹீமோபீலியா, அவர்களில் 6 பேருக்குக் கடுமையான வகை என்பது 2019-இல் வெளியான சர்வதேச மதிப்பீடு. அந்த அளவுகோலைப் பொருத்தினால், இத்தொகுதியின் ஆண் வாக்காளர்களில் மட்டும் சுமார் 250 பேருக்கு இந்நோய் இருக்க வேண்டும். குழந்தைகள் இக்கணக்கில் சேரவில்லை.

வாய்ப்புகளுக்குக் குறைவில்லாத தொகுதி இது. 2009-இல் குகட்பள்ளி மக்கள் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுத்த ஜெயப்பிரகாஷ் நாராயண், மருத்துவம் படித்து ஐ.ஏ.எஸ். அதிகாரியானவர். 2019-இல் மால்காஜ்கிரியின் மக்களவை உறுப்பினரான ரேவந்த் ரெட்டி 2023 டிசம்பரில் தெலங்கானாவின் முதல்வரானார். 2024-இல் அங்கு வென்ற ஈட்டல ராஜேந்தர், 2019 முதல் 2021 வரை அம்மாநிலத்தின் சுகாதார அமைச்சராக இருந்தவர். மத்திய அரசின் மரபணு ரேகைப் பதிவு மற்றும் நோய் கண்டறியும் மையம் இதே தொகுதியில் உள்ள உப்பலில் இயங்குகிறது. குகட்பள்ளியில் மெட்ரோ ரயில் ஏறினால், நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் அமைந்துள்ள பஞ்சாகுட்டாவில் இறங்கிவிடலாம். மரபணு ஆய்வுக்கூடமும் பெரிய மருத்துவமனையும் செல்வாக்குள்ள பிரதிநிதிகளும் அருகருகே உள்ள ஓரிடத்தில்கூட, குழந்தைகளுக்குத் தடுப்பான் பரிசோதனை உரிமையாக வாய்க்கவில்லை என்றால், ஆதிலாபாதிலோ தருமபுரியிலோ பிறக்கும் குழந்தையின் நிலை என்னவாக இருக்கும்?

நம் நாட்டில் இந்நோயுள்ள குழந்தை வழக்கமாகக் கடந்து வரும் பாதை இது. நோய் இருப்பதே சுன்னத்து போன்ற சிறு அறுவையின்போதோ, தலையில் அடிபட்டபோதோதான் தெரியவருகிறது. ரத்தம் நிற்காத அந்த நெருக்கடியில் முதன்முறையாகக் காரணி செலுத்தப்படுகிறது. அதுவும் தொடர்ச்சியாகப் பல நாள்கள். பின்னர் அடுத்த பெரும் கசிவு வரை எதுவும் இல்லை. அடுத்த முறை கையிருப்பில் உள்ள வேறொரு நிறுவனத்தின் மருந்து. மூன்றாம் முறை கசிவு நிற்காதபோது அளவு கூட்டப்படுகிறது. தடுப்பான் இருக்கிறதா என்ற சோதனை கடைசியாகவே நினைவுக்கு வருகிறது. ஆய்வுகள் எந்தச் சூழலை ஆபத்து என்று எச்சரித்தனவோ, அதே சூழல்தான் இங்கு வாடிக்கை. கசிவு வந்தால் மட்டும் மருந்து என்ற கொள்கையே இவ்வாறு ஓர் ஆபத்துக் காரணியாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 குளிர்காலக் கூட்டத்தொடர், ரூபாய் நோட்டு மதிப்பிழப்பு அமளியில் பெரும்பாலும் வீணானது. அந்த அமளிக்கு நடுவிலும் எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டு நிறைவேற்றியது மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா. டிசம்பர் 14-இல் மாநிலங்களவையும், 16-இல் மக்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தன. அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகள் 7-லிருந்து 21 ஆக உயர்ந்தன; ஹீமோபீலியாவும் அவற்றுள் இடம்பெற்றது. 1983-இல் தில்லியில் ஹீமோபீலியா கூட்டமைப்பைத் தொடங்கிய, தாமே இந்நோயுடன் வாழ்ந்த அசோக் பகதூர் வர்மா போன்றோரின் நெடுநாள் உழைப்புக்குக் கிடைத்த பலன் அது.

ஆனால், அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கான 34-ஆவது பிரிவில் ரத்தக் குறைபாடுகள் சேர்க்கப்படவில்லை. இது பலமுறை சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. அவ்வளவாகப் பேசப்படாதது 25-ஆவது பிரிவு. குறைபாடுகள் ஏற்படாமல் தடுக்க நடவடிக்கை எடுக்கவும், ஆபத்துக்குள்ளாகக் கூடியோரைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கவும் அது அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. காரணி பெறும் குழந்தைக்குத் தடுப்பான் பரிசோதனை செய்வது இந்தக் கடமைக்குள் அடங்காது என்று யாராலும் வாதிட முடியாது.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை; மாநிலங்கள் கோரினால் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே நிதி தரப்படும் என்பதே இத்தகைய கேள்விகளுக்கு மத்திய அரசு தரும் வழக்கமான பதில். அந்த நிதியால் மருந்து விநியோகம் கணிசமாக மேம்பட்டிருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், குப்பிகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் திட்டம், அந்தக் குப்பிகள் பயன் தந்தனவா என்பதைக் கணக்கிடாது. தடுப்பான் உள்ள குழந்தைக்குச் செலுத்தப்படும் ஒவ்வொரு குப்பியும் வீண் செலவு. குழந்தைக்கு அது வீண் நம்பிக்கை.

பரிசோதனை செலவு மிக்கதும் அல்ல. நோயாளியின் பிளாஸ்மாவை இயல்பான பிளாஸ்மாவோடு கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் வைத்து, உறையும் நேரத்தை அளந்தால் தடுப்பானின் அறிகுறி தெரிந்துவிடும். மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற ஒருவரால் செய்யக் கூடியது இது. அளவை அறிவதற்கான "பெதஸ்டா' பரிசோதனையை மாநிலத்துக்குச் சில மையங்களில் செய்தால் போதும்.

எமிசிசுமாப் என்னும் புதிய மருந்து வந்துவிட்ட பிறகு தடுப்பானைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்போரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ, மாதம் ஒருமுறையோ செலுத்தப்படும் இம்மருந்து, தடுப்பான் இருந்தாலும் வேலை செய்கிறது. 2017-இல் வெளியான ஆய்வில் தடுப்பான் உள்ளோரின் கசிவுகளை 87 சதவீதம் குறைத்தது. 2019-இல் இந்தியச் சந்தைக்கும் வந்தது. 18 வயதுக்குட்பட்ட "ஏ' வகையினர் அனைவருக்கும் இதை வழங்கக் கேரள அரசு 2024-இல் முடிவெடுத்தது பாராட்டத்தக்கது.

எனினும், இது "பி' வகைக்கு உதவாது. விபத்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது எட்டாம் காரணி மீண்டும் தேவைப்படும். அப்போதுதான் அதை முதன்முறையாகப் பார்க்கும் உடல் தடுப்பானை உருவாக்கக் கூடும். எமிசிசுமாப் பெறுவோருக்கு வழக்கமான உறைதல் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டும். வேறு வகைப் பரிசோதனை தேவை. தடுப்பான் உள்ளோருக்குத் தரப்படும் சில மாற்று மருந்துகளை அதனோடு மிகுதியாகச் சேர்த்துத் தந்தால் ரத்தக் குழாய்களில் அடைப்பே ஏற்படலாம். எனவே, புதிய மருந்து பரிசோதனையின் தேவையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

வழிகாட்டிகளைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதும் இல்லை. உலக ஹீமோபீலியா கூட்டமைப்பின் 2012, 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைத் தொகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவா. கடுமையான வகைக் குழந்தைகள் அனைவருக்கும் 3 வயதுக்கு முன்பே தடுப்புமுறைச் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும் என்றும், வசதி குறைந்த நாடுகள் குறைந்த அளவிலாவது தொடங்கலாம் என்றும் 2020 நெறிகள் கூறுகின்றன. அதே வேலூரில் 5 பேருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டு, அவர்களுக்குக் கசிவே ஏற்படவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் உலகின் கவனத்தை ஈர்த்தது. உலகுக்கு நெறி வகுத்துத் தரும் நாடு, தன் மாவட்ட மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றாமல் இருப்பது முரண்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கடுமையான வகை என்று கண்டறியப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் பெரும் கசிவுக்குக் காத்திராமல், குறைந்த அளவிலேனும் தடுப்புமுறைச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். முதல் 50 நாள் மருந்துக்குள் அடுத்தடுத்தும், அதன் பிறகு ஆண்டுக்கு இருமுறையும், எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் தடுப்பான் பரிசோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். அவசரமில்லாத அறுவைகளை அந்தத் தொடக்கக் காலத்தில் தள்ளிப்போட வேண்டும். எந்தக் குழந்தை எந்த மருந்தை எத்தனை நாள்கள் பெற்றது என்பதைக் காட்டும் அட்டை அதன் பெற்றோரிடமும், அதே விவரம் அரசின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியைப் பெற இவற்றை நிபந்தனையாக்க மத்திய அரசுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

மருந்தை வாங்கித் தருவதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அந்த மருந்து குழந்தையின் உடலில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் அதன் பொறுப்பே. அடுத்த கூட்டத்தொடரில் ஹீமோபீலியா குறித்துக் கேள்வி எழுப்ப விரும்பும் உறுப்பினர், எத்தனை குப்பிகள் வழங்கப்பட்டன என்பதோடு, எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பான் பரிசோதனை செய்யப்பட்டது என்றும் கேட்கட்டும்.